ஒரே அளவுகோல் நீதியாகுமா?

யாவரையும் ஒரே கோலால் அளப்பதே நடுநிலை என்பர். நெல்லளக்கும் மரக்காலுக்கு அது பொருந்தும். மனத்துயரை அளக்கும்போதும் பொருந்துமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்றுண்டு. லெனோர் ராட்லாஃப் என்னும் அம்மையார் 1977-இல் வெளியிட்டது. அதில் 20 வாக்கியங்கள். சென்ற ஒரு வாரத்தில் அவை எத்தனை நாள் தமக்குப் பொருந்தின என்று குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 16-ஐ எட்டினால் மனச்சோர்வு இருக்கலாம் என ஐயுறுவர்.

இவற்றுள் 16 வாக்கியங்கள் துன்பத்தைக் கூறுவன. எஞ்சிய 4 மட்டும் மகிழ்ச்சி, வாழ்வின் இன்பம், எதிர்கால நம்பிக்கை, பிறர்க்கு நிகராகத் தம்மை எண்ணுதல் ஆகியவற்றைக் கேட்பன. இவற்றைத் தலைகீழாக மதிப்பிடுவர். 'இல்லை' என்போர்க்கு 3 மதிப்பெண் சேரும். தன்னை உயர்த்திப் பேசாமையே பண்பு எனப் பயிற்றும் ஜப்பானியக் குடும்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், அடக்கத்தால் நான்கிற்கும் 'இல்லை' என்றானாயின், துயரேதும் இன்றியே 12 பெற்றுவிடுகிறான்!

மறுபுறம், துயரைத் தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் உணர்ந்து சொல்லும் குடும்பங்கள் உள. பசி, உறக்கம் பற்றிக் கேட்கும் அப்பட்டியல் வலியைப் பற்றிக் கேட்பதில்லை. அத்தகைய பெண்குழந்தையின் வேதனை கணக்கில் ஏறாமலே போகலாம். மொழியின் இடரோ வேறு. ஆங்கிலத்தில் நீல நிறத்தின் பெயர் சோகத்தையும் குறிக்கும். அச்சொல் ஒரு வாக்கியத்தில் வருகிறது. அண்மையில் குடியேறிய சிறுவன் அதை என்னவென்று கொள்வான்?

1994-இல் தொடங்கிய தேசிய ஆய்வொன்றில் 7 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவரிடம் இவ்வினாக்களுட் பெரும்பாலானவை கேட்கப்பட்டன. அவ்விடைகளை ஆராய்ந்து 2005-இல் எழுதியோர், இனத்திற்கும் குடியேறிய தலைமுறைக்கும் ஏற்ப வினாக்களின் பொருளே மாறுபடுவதைக் கண்டனர்.

அவ்வாறாயின் இனத்துக்கொரு அளவுகோல் செய்யலாமே எனின், நாம் உடன்படத் தயங்குகிறோம். ஒரே வீட்டில், தாய்நாட்டில் பிறந்த அண்ணனும் அமெரிக்காவில் பிறந்த தம்பியும் ஒருபடித்தாக விடையளிப்பதில்லையே! மேலும், 'அவர்கள் வழக்கம் அப்படி' என்று மெய்யான துயரையும் தள்ளிவிட அது இடந்தரும். அடக்கத்தைச் சோர்வெனப் பிழைபடக் கொண்டால், அமர்ந்து பேசித் திருத்திக்கொள்ளலாம். சோர்வை அடக்கமெனக் கொண்டு விட்டுவிட்டால், திருத்தக் காலம் வாய்க்காமற் போகலாம். ஆதலின் அந்நான்கு விடைகளையும் தனியே எண்ணுக, உடல்வலியையும் கேட்க, அதுவும் அக்குழந்தை தாயிடம் பேசும் மொழியிலேயே கேட்க என்போம்.