பலனும் பெயரும்

பலனைக் கருதாமல் கடமையைச் செய்ய வேண்டும் என்று உபதேசிப்பது நம் நாட்டில் மிகவும் சுலபம். யார், யாருக்கு உபதேசிக்கிறார் என்று பார்த்தால்தான் சங்கடம். பெரும்பாலும் பலனை அனுபவித்தவரே வேலை செய்தவருக்கு அதைச் சொல்கிறார்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதி இதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா சர்வகலாசாலையில், பீரங்கிக் குண்டு எப்படிப் பறந்து எங்கே விழும் என்று கணக்குப் போடப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் என்பது அன்று அவர்களுடைய உத்தியோகத்தின் பெயர். ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட ஒருத்திக்கு 30 மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். அதை விநாடிகளில் முடிக்க, சுமார் 18,000 வால்வுகளை வைத்து எனியாக் என்ற யந்திரத்தைக் கட்டினார்கள்.

யந்திரத்துக்குத் தானாக எதுவும் தெரியாது. எந்தக் கம்பியை எங்கே சொருகுவது, எந்த விசையைத் திருப்புவது, எதற்குப் பின் எது என்று யாராவது யோசித்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: காத்லீன் மக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பைலாஸ், ரூத் லிக்டர்மன். ஆரம்பத்தில் யந்திரத்தைப் பார்க்கக்கூட அவர்களுக்கு அனுமதி இல்லை. வரைபடங்களைப் பார்த்தே அதன் போக்கைப் படித்தார்கள்.

1946 பிப்ரவரியில் அரங்கேற்றம் நடந்தது. குண்டு பறந்து விழும் நேரத்துக்குள் யந்திரம் விடை சொல்லிவிட்டது. எல்லோரும் பிரமித்தார்கள். அந்தக் கணக்கை அமைத்தவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. 1980களில் ஒரு மாணவி பழைய புகைப்படத்தைக் காட்டி, இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தாள். யந்திரத்துக்கு அழகு சேர்க்க நிறுத்தப்பட்டவர்கள் என்று பதில் வந்தது. உரிய மரியாதை அவர்களைத் தேடி வர 1997 ஆயிற்று.

கணக்குச் சரியாக வந்ததே, அந்த ஆனந்தம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனந்தம் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் துறவு என்பது உடையவர் செய்யும் காரியம். என் கையில் இருப்பதை நானே விட்டால் அது தியாகம். நீங்கள் பிடுங்கிக்கொண்டு எனக்குத் தியாகி என்று பட்டம் சூட்டினால், அதற்குப் பெயர் வேறு.

புகழ் வேறு, உண்மை வேறு. புகழ் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. செய்தது இவர்கள்தாம் என்ற உண்மையை மறைக்கும் உரிமை நமக்கு இல்லை. அந்த உண்மை அவர்களுக்கு மட்டுமா சொந்தம்? உனக்கெல்லாம் இது வராது என்று நாளைக்கு ஒரு பெண்ணிடம் சொல்வார்கள். பதிலுக்குச் சொல்ல அவளுக்கு ஒரு பெயராவது வேண்டாமா?