ஓவியம் யாருடையது?

2008-இல் தொடங்கிய இந்தியக் கலைச் சந்தை, தெற்காசியக் கலையை முதன்மையாகக் கொண்டது. அதனைக் காணக் குடும்பத்துடன் தில்லி ஓக்லா திடலுக்குச் சென்றிருந்தோம். புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகளும் இளங்கலைஞர்களின் முயற்சிகளும் அங்கே அருகருகே தொங்குகின்றன. விற்றுப்போனதற்கு அடையாளமாகச் சிலவற்றின் பக்கத்தில் சிறு சிவப்புப் பொட்டு. அதைக் கண்டதும் நம் கால்கள் தாமே நிற்கின்றன. பொட்டில்லாத படத்தை அரைப்பார்வை பார்த்துக் கடந்துவிடுகிறோம். பிறர் கொடுத்த பணந்தான் நமக்குக் கண்ணாக வேண்டுமா?

பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டி வயிறு வளர்த்தவர் எம்.எஃப். உசேன். அவர் 1954-இல் வரைந்த 'கிராம யாத்ரா', 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அதற்குமுன் பல்லாண்டுகள் அது நார்வே நாட்டு மருத்துவமனையொன்றின் சுவரில் தொங்கியது. அவ்வழியே நடந்தவர்கள் இத்தொகையை அறியார். அவர்கள் கண்டதும் இதே வண்ணங்களைத்தானே! பணம் கொடுத்தவர் அவர்களைக் காட்டிலும் மிகுதியாக எதைக் கண்டிருப்பார்?

விலையே கூடாதென்று சொல்லவும் நா எழவில்லை. இளங்கலைஞனும் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவன். முதல் தேதியை எண்ணிக் காத்திருக்கும் நமக்கு அது தெரியாததன்று. ஏலத்தொகையும் மருத்துவர்களின் பயிற்சிக்கென்றே அறிவிக்கப்பட்டது.

அன்று நம் இளைய மகள் பொட்டில்லாத படமொன்றின் முன் நின்றுவிட்டாள். பெரியவர்களின் படங்களைப் பார்க்க நேரமாகிறதென்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றோம். வீடு திரும்பும் வழியில், அதை வரைந்தவர் பெயர் என்னவென்று கேட்டாள். நாம் குறித்துக்கொள்ளவில்லை.