கருணையின் செலவு யார் தலையில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து ஆரணிப் பக்கம் வண்டியில் வருகிறவர்களுக்கு, எந்தத் திருப்பத்தில் நாய்க்கூட்டம் நிற்கும் என்பது மனப்பாடம். அங்கே வந்ததும் கால்களைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். நாய்க்கடி பற்றிய எந்த விவாதத்திலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கால்கள்தான்.

2025 ஆகஸ்ட் 11-இல், டெல்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினொரு நாளில் வேறொரு அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்; வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

நாயின் உயிருக்கு மதிப்பு உண்டா? உண்டு. அடிபட்டால் அதற்கும் வலிக்கிறது, குட்டியைப் பறிகொடுத்தால் அதுவும் தவிக்கிறது. ஒரு குழந்தையின் உயிருக்குச் சமமாக அதை வைப்பேனா? மாட்டேன். இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் வெறிநோய் வந்த உடம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள்.

ஆனால் குழந்தைதான் முக்கியம் என்பதால் நாயின் உயிர் பூஜ்யமாகிவிடாது. மனித ஆரோக்கியத்துக்கு விலங்குகள் ஏற்கெனவே நிறையக் கொடுத்திருக்கின்றன. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய நாய்க்கடி ஊசி ஆட்டு மூளையிலிருந்து வந்தது. ஆழமான கடிக்கு இன்றும் பல இடங்களில் போடும் எதிர்ப்பு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. வேறு வழியில்லாதபோது எடுத்தோம். வேறு வழி இருக்கும்போதும் கொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

வழி இருக்கிறது. சென்னை மாநகராட்சி பல்லாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது. நாயும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1960-களிலிருந்து சொல்லிவந்த கருத்தடை முறைக்கு மாநகராட்சி 1996-இல் மாறியது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விடாமல் ஊசி போட்ட கோவா, 2021-இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நாய்க்குப் போட்ட ஊசிதான் மனிதரையும் காத்தது.

என் கோபம் வேறு இடத்தில். நாயைக் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டோம், நல்லது. அந்தக் கருணைக்கு ஒரு செலவு உண்டு. அதை இன்று கட்டுவது யார்? காரில் போகிறவர் அல்ல. வண்டியில் வருகிற ஒப்பந்தத் தொழிலாளி, ஒடிசாவிலிருந்து வந்து லைன் வீட்டில் தங்கியிருப்பவர், அங்கன்வாடிக்கு நடக்கும் பிள்ளை. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் கடிபட்ட அன்று, 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு முறை போக வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் சம்பளம் போகும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவரை அறியாதவர் என்று திட்டி என்ன பயன்?

ஊர் கூடி எடுத்த முடிவின் செலவை ஊர்தான் கட்ட வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் கடமை என்று விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுக்கான 2023 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நாய்களைக் கூட்டும் இறைச்சிக் கழிவைச் சாலையோரம் கொட்டவிடாமல் தடுப்பதும், ஊசிக்குப் போகும் நாளில் கூலி வெட்டாமல் இருக்கும்படி ஆலைகளைக் கேட்பதும் அதே கணக்கில்தான் வரும்.

அடுத்த கிராம சபையில், பேரூராட்சி என்றால் உங்கள் வார்டு உறுப்பினரிடம், ஒன்று கேளுங்கள்: நம் ஊரில் நாய்கள் எத்தனை, அதில் இந்த ஆண்டு ஊசி போட்டது எத்தனை? பதில் வரும்வரை விடாதீர்கள். அதுவரை, யாரைக் கடித்தாலும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைக்க விடாமல், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.