பின்வாசல் இல்லாத வாக்கு



திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடப்பதை அறிவீர்கள். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்த வரலாறு அது. திருவாரூரில் பரவை என்னும் மனைவியை உடைய சுந்தரர், திருவொற்றியூரில் பூமாலை தொடுக்கும் சங்கிலியைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். அவளைப் பிரிவதில்லையென்று சத்தியம் செய்யவேண்டியதாயிற்று. திருவாரூரையோ அவர் மனம் விடவில்லை. ஆகவே, சத்தியம் செய்யும் வேளையில் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போயிருக்கும்படி இறைவனையே இரகசியமாய் வேண்டிக்கொண்டாராம். சங்கிலியின் தோழியரோ அந்த மகிழடியிலேயே சத்தியம் செய்யச் சொன்னார்கள். பின்னாளில் ஆணையை மீறி ஊரெல்லை தாண்டியபோது அவர் கண்பார்வை இழந்தார் என்கிறது புராணம்.

பிற சமயத்தார் வரலாறு நமக்கெதற்கு என்பீர்களோ? மனித இருதயம் எங்கும் ஒன்றே. நம் அர்ச். அகுஸ்தீனாரும் வாலிபத்தில் ஒரு பெண்ணோடு ஏறக்குறைய 15 ஆண்டு வாழ்ந்து, மகனையும் பெற்றார். வேறு நல்ல சம்பந்தம் பேசப்பட்டதால் அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிரிவில் தம் இருதயம் காயப்பட்டு இரத்தம் சிந்தியதாக அவரே அறிக்கையிட்டார்.

கவனியுங்கள். விருப்பம் கேளாமலே வருகிறது. வந்ததனால் மட்டும் பாவமாகாது. பற்றோ கூடிப் பழகுவதால் வேரூன்றுகிறது, பிடுங்கினால் வலிக்கும். இரண்டு பற்றுகள் இரு பக்கமும் இழுக்கும்போது, மனம் எதையும் இழக்கத் துணியாமல், வாயால் வாக்குக் கொடுத்துக்கொண்டே பின்வாசலைத் தேடுகிறது. அங்கேதான் கேடு; ஏனெனில் அந்த வாக்கை நம்பி மற்றொரு ஆத்துமம் தன் வாழ்வையே ஒப்படைக்கிறது.

வாலிபரே, கன்னியரே! மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதற்கு முன்னே உங்கள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து விசாரிக்கிறோம். மனதில் வேறொருவர் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். அன்றைய வெட்கம் ஒரு நாள். மறைத்ததின் வேதனை ஆயுள் முழுதும்.

பெற்றோரே! கண்ணீராலும் மிரட்டலாலும் பிள்ளையின் சம்மதத்தை வாங்காதீர்கள். பலவந்தத்தாலோ, புறத்திலிருந்து வரும் கடும் பயத்தாலோ செய்யும் விவாகம் செல்லாதென்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1103-ம் விதி கூறுகிறது.

விவாகமானவர்களே! பழைய நினைவு ஒன்று வந்து மோதினால் திகைக்கவேண்டாம். அதற்கு இரகசியமாய்த் தீனி போடவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை இன்று புதிதாய்த் தெரிந்துகொள்ளுங்கள். ஆமென்பது ஆமாகவே இருக்கக் கற்பித்த ஆண்டவர், அந்த வாக்கைக் காக்கும் பலத்தையும் தந்தருள்வாராக.