கொடுப்பவன் கேட்க வேண்டியது

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். வேலை ஸ்ரீசிட்டியில், கம்பெனிச் சரக்கு வெளிநாடு போவதற்கான காகிதங்களைத் தயார் செய்கிறேன். பம்ப், வால்வு, ரசாயன டிரம் என்று எது போனாலும் முதலில் ‘ஸ்கோமெட்’ பட்டியலைப் பார்த்தாக வேண்டும். ராணுவத்துக்கும் சாதாரணத் தொழிலுக்கும் ஒருசேர உதவும் பொருள்கள் அதில் இருக்கும். அப்படிப்பட்ட சரக்கு லைசென்ஸ் இல்லாமல் கப்பல் ஏறாது.

தையோடைகிளைக்கால் என்றொரு திரவம். பால்பாயிண்ட் பேனா மையில் கரைப்பானாகச் சேர்ப்பார்கள். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிய மஸ்டர்டு வாயுவையும் அதிலிருந்தே செய்யலாம். டிரம்மைத் திறந்து பார்த்தால் அது எதற்குப் போகிறது என்று தெரியாது. அதனால்தான் வாங்குபவரிடம் ‘எண்ட் யூஸ் சர்டிபிகேட்’ கேட்கிறோம். கடைசியில் பயன்படுத்தப் போவது யார், எந்த இடத்தில், எதற்காக என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுத் தர வேண்டும். பெயர், கோத்திரம், நட்சத்திரம் கேட்டு அர்ச்சகர் சங்கல்பம் செய்து வைப்பது மாதிரிதான்.

அந்தத் தாளில் இருப்பது பொய்யானால் பாவம் யாருக்கு? பொருளைச் செய்தவருக்கா, விற்றவருக்கா, காகிதம் எழுதிய எனக்கா?

ஆயுதமும் நஞ்சும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்றது பௌத்தம். ஆனால் பேனா மை நஞ்சல்லவே. சமணம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. இல்லறத்தாருக்கான ஒழுக்கத்தைச் சொல்லும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம், கொலைக்கு உதவும் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதையே ஒரு குற்றமாக வைக்கிறது. அந்த வரிசையில் வாளோடு கோடரியும் மண்வெட்டியும் நெருப்பும் இருக்கின்றன. மண்வெட்டி இல்லாமல் விவசாயம் ஏது? ஆகவே குற்றம் மண்வெட்டியில் இல்லை, கொடுக்கும் செயலில்தான் என்று படிக்கிறேன்.

கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவும் இதில் சேரும். பிரிட்டனைப் பாருங்கள். 2020 முடியும்வரை அங்கிருந்து பிரான்சுக்கு இத்தகைய சரக்குகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியே வந்த மறுநாளிலிருந்து லைசென்ஸ் வேண்டும். வால்வு அதே வால்வுதான். வாங்குபவரும் அதே ஆள்தான். உறவு மாறியதும் கேள்வி வந்துவிட்டது.

கேள்வி கேட்பவன் யோக்கியமானவனா என்பதும் முக்கியம். இஸ்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுமந்துபோன எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் கட்டம், 1989-இல் சோதித்த அக்னி ஏவுகணைக்கும் அடித்தளமானது. எனவே நம் ராக்கெட் ஏவுகணையாகலாம் என்ற வெளிநாட்டாரின் சந்தேகம் முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீது தடை போட்டது, ரஷ்யாவிடம் வாங்கவிருந்த கிரையோஜெனிக் எஞ்சினுக்காக. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனை நிரப்பவே மணிக்கணக்காகும். நிரப்பி வைத்தால் ஆவியாகிப் போகும். நினைத்த நேரத்தில் ஏவ வேண்டிய ஆயுதத்துக்கு அது ஒத்துவராது. ரஷ்யாவும் 1993-இல் நெருக்கடிக்குப் பணிந்து, தொழில்நுட்பத்தைத் தராமல் எஞ்சின்களை மட்டும் விற்றது. சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினோடு நம் ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றி பெற 2014 ஜனவரி வரை ஆனது. தர்மத்தின் பெயரால் கேட்ட கேள்விக்குள் வியாபாரமும் இருந்தது என்பதே என் எண்ணம். 2016-இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியாவும் சேர்ந்தது. இப்போது கேட்கும் இடத்தில் நாமும் இருக்கிறோம்.

பொருளுக்குப் பாவமில்லை என்பது சரி. அதனால் கொடுப்பவனுக்கும் பாவமில்லை என்பது தப்பு. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுப் பேரழிவு ஆயுதச் சட்டமும் இதையே சொல்கிறது: பேரழிவு ஆயுதத்துக்குப் போகும் என்று தெரிந்தால், பட்டியலில் இல்லாத பொருளையும் அனுப்பக் கூடாது. பட்டியலைப் பார்த்தேன், என் கடமை முடிந்தது என்று சொல்ல வழியில்லை.

என்னைப் போல இந்தக் காகிதங்களைத் தயார் செய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாங்குபவர் கடைசிப் பயனாளியின் பெயரைச் சொல்லத் தயங்கினால், கேட்கும் அளவு அவர் தொழிலுக்குப் பொருந்தாமல் இருந்தால், அன்றைக்குக் கப்பல் போனால் போகட்டும். சரக்கை நிறுத்துங்கள்.