மொட்டையடிச்சா என்ன?

“மொட்டையடிச்சிட்டா தொல்லை விட்டுச்சு தம்பி. நாளைக்கு யார் தலையிலயாச்சும் விழுந்தா?” எங்கள் புளோக் கார் பார்க் ஓரத்துத் தெம்புசு மரத்தைக் காட்டிப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டார்.

அவர் பயம் பொய்யில்லை. 2017 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூர்ப் பூமலையில், 270 ஆண்டுகளுக்கு மேல் நின்ற 40 மீட்டர் உயரத் தெம்புசு வேரோடு சாய்ந்து ஒரு பெண் இறந்தார். ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்பட்டு வந்த மரம் அது.

பொறியாளனான எனக்குப் பழக்கமான விடை, ஆபத்தைப் பூஜ்யமாக்குவது. ஆனா மரம் கட்டடமில்லை. கான்கிரீட் வெடிப்பைச் சரிசெய்யலாம். மரத்தின் காயம் ஆறுவதே இல்லை. வெட்டுப்பட்ட இடத்தை உள்ளுக்குள்ளேயே சுவர் வைத்து ஒதுக்கிவிட்டு, மேலே புதிதாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. அதனால்தான் கிளையை அடிமரத்தோடு ஒட்டச் சீவக் கூடாது. கிளை தொடங்கும் இடத்துப் புடைப்பை விட்டுவைத்து வெட்ட வேண்டும். உச்சியை மொட்டையடித்தால் பெரிய வெட்டுவாய் வழியே அழுகல் இறங்கும். அவசரமாகத் துளிர்க்கும் புதுக் கிளைகளுக்கு ஆழமான பிடிப்பு இருக்காது. சில ஆண்டுகளில் கனம் கூடி அவையே முறியும். பயந்து கேட்ட பாதுகாப்பு ஆபத்தாகத் திரும்பி வரும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. கிளையை வெட்ட ஒருவர் கயிற்றில் ஏறணும். மேலே ரம்பம் ஓட்டும்போது இரண்டு பிடிப்புகளில் தன்னைக் கட்டிக்கொள்ளணும். ரம்பம் ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஏறி இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே நிற்கணும். உயிரோடு வளர்க்கும் மரத்தில் ஆணி வைத்த காலணியோடு ஏற மாட்டார்கள். ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். நான் பூஜ்யம் கேட்கும்போது ஆபத்து மறைவதில்லை. என் தலையிலிருந்து அவர் தலைக்கு மாறுது.

அப்போ சும்மா விடுறதா? இல்லை. காய்ந்த கிளையையும் பிளந்த கவையையும் வெட்டத்தான் வேணும். காரணம் காட்ட முடிகிற வெட்டுதான் நியாயமானது. அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் ஆபத்தை, நிழலில் நடக்கும் நாம்தான் ஏற்கணும். இதைப் பூமலையில் இறந்தவரின் வீட்டாரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் இதைவிட நேர்மையான விடை என்னிடம் இல்லை.

“காய்ஞ்ச கிளையை மட்டும் எடுக்கச் சொல்லுவோம் ஆன்ட்டி,” என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெயிலுக்காக மரத்தடி வழியாகவே நடந்தார்.