பழைய வாகனமும் அமானிதமும்

அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தினர் கலைந்து சென்றுகொண்டிருந்த நேரம். இராயபுரத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து ஸலாம் கூறி அமர்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நம் முன் விரித்தார். பாகப்பிரிவினைக் கணக்காக இருக்கும் என்றெண்ணியே நாம் அதைக் கையில் வாங்கினோம். பார்த்தால், அது மெக்கானிக் ஒருவர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்!

சகோதரரிடம் 2010 ஆம் ஆண்டு பதிவான மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் முடிந்துவிட்டபடியால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், நான்கு டயர்கள் ஆகியவற்றுக்கு 22,000 ரூபாய். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி ஒட்டும் டிங்கர் வேலைக்கு 12,000. பெயிண்ட், சீட் கவர் வகையறாவுக்கு 12,000. ஆக மொத்தம் 46,000 ரூபாய்.

"இப்படியே விற்றால் 40,000 கூடத் தேறாது, ஹஜ்ரத். வண்டியின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகமாக இருக்கிறது. புரோக்கர் ஒருவர் 6,000 கொடுங்கள், போதும் என்கிறார். அன்றைக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு மாட்டி, துருவின்மீது தார் பெயிண்ட் அடித்து, பிரேக்கை ஒருநாள் பிடிக்கும்படி முடுக்கிக் கொடுத்துவிடுவாராம். பிறகு வைத்துக்கொண்டாலும் சரி, வெளியூரில் 75,000க்கு விற்றுத் தருவதானாலும் சரி என்கிறார். புதுவண்டிக்கு வட்டிக் கடன் வாங்க எனக்கு மனமில்லை. உம்மாவை மாதம் இருமுறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். இது கூடுமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. நம் வாசகர்களில் பலருடைய வீட்டு வாசலில் பழைய கார் இல்லாவிட்டாலும், பழைய மோட்டார் சைக்கிளேனும் நிற்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

சட்டம் நம்மிடம் ஒப்படைத்த காலம்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சொந்த உபயோகத்திற்கான வாகனங்களின் பதிவைப் பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக்குகிறது. அதன்பின் பரிசோதனைக்குக் கொண்டுசென்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2021 ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசு அறிவிப்பின்படி 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டது. பழைய வாகனங்கள் சாலையைவிட்டு அகலவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிரிட்டனில் 1960 இல் பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை தொடங்கிற்று. அன்று பத்தாண்டு ஆன வண்டிகளுக்கு மட்டும் இருந்த அந்த ஏற்பாட்டில், இன்று மூன்றாண்டு கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். நம் நாட்டிலோ, புகைச் சான்று தவிர, பதினைந்து ஆண்டுகள் வரை சொந்தக் காரின் பிரேக்கை எந்த அதிகாரியும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. அக்காலம் முழுவதும் அதைப் பார்க்கும் பொறுப்பு வண்டிக்காரரையே சாரும். அதற்கு மார்க்கம் வைத்திருக்கும் பெயர் அமானிதம் என்பதாகும்.

அதிலும் வடசென்னைவாசிகளாகிய நமக்கு, தெரியாது என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. எண்ணூரில் 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டி இறக்கிற்று. அதுவே 1955 இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955 இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தோன்றிற்று. இரும்போடு பழகியே பிழைத்த ஊர் நம் ஊர். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை வீசும் உப்புக்காற்று, இரும்பை உள்ளிருந்து எப்படித் தின்கிறது என்பதை நம் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும். மேலே பெயிண்ட் மின்னும். கீழே தகடு பொடிப்பொடியாக உதிரும்.

முத்திரை ஹராமை ஹலாலாக்குமா?

"ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ் ஆகிவிட்டால் நம்மீது குற்றமில்லையே?" என்று சிலர் வினவலாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் வழக்குக் கொண்டுவருவோரை எச்சரித்ததை புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். தாம் கேட்பதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், ஒருவர் தம் வாதத்திறமையால் பிறருடைய உரிமையைத் தமக்குத் தீர்ப்பாகப் பெற்றுக்கொண்டால், அவர் பெற்றுச் செல்வது நெருப்பின் ஒரு துண்டே என்றும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். நபியின் தீர்ப்பே உண்மை நிலையை மாற்றாது எனும்போது, ஓர் அதிகாரியின் முத்திரை மொட்டை டயரை நல்ல டயராக்கிவிடுமா?

சான்றிதழ் என்பது ஒரு சாட்சியம். அதிகாரி தாம் கண்டதற்குச் சாட்சி சொல்கிறார். அவர் கண்ணுக்கு முன்னால் வாடகை டயரை நிறுத்துகிறவர், தம் பொய்ச் சாட்சியத்தை அவர் கையால் எழுத வைக்கிறார். அந்தச் சாட்சியம் அன்று மாலை டயரைக் கழற்றும்போதே பொய்யாகிவிடுகிறது. ஆனால் காகிதமோ ஐந்தாண்டுகள் பேசிக்கொண்டிருக்கும்.

தவக்குலும் பிரேக்கும்

"ஆயுளை நிர்ணயிப்பவன் அல்லாஹ், டயரா நிர்ணயிக்கிறது?" என்று பேசுவோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீயில் உள்ளது. அந்த ஒட்டகம் தொலைந்தால் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமே. பிரேக் பிடிக்காத வண்டியாலோ, திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையின் உயிர் போகும். பிறர் உயிரைப் பணயம் வைத்துவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயரிடுவது பெரும் அநியாயமாகும்.

தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர்மீது தியத் எனும் நஷ்டஈட்டையும், அதனுடன் கப்பாராவாக அடிமையை விடுதலை செய்வதையும், அதற்கு வழியில்லாதபோது தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்பதையும் அல்லாஹுத் தஆலா அந்நிஸா அத்தியாயத்தில் கடமையாக்கியிருக்கிறான். நம்மோடு உடன்படிக்கை செய்துள்ள பிற சமூகத்தாரின் உயிருக்கும் அவ்வாறே விதித்திருக்கிறான். கால்நடையைத் தம் கைவசம் வைத்து ஓட்டிச் செல்பவர், அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறும். 1993 ஜூனில் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கப்படி அவசியம் என்றும், சில விதிவிலக்குகள் நீங்கலாக வாகனமோட்டியே தீங்குக்குப் பொறுப்பாளி என்றும் தீர்மானித்தது.

தவறுதலுக்கே இரண்டு மாத நோன்பு. கெட்ட பிரேக் என்று தெரிந்தே ஓட்டுகிறவர், அதைத் தவறுதல் என்று தம் உள்ளத்துக்குச் சொல்லிக்கொள்ள முடியுமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எது வீண்விரயம்?

40,000 பெறாத வண்டிக்கு 46,000 செலவிடுவது இஸ்ராஃப் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. செல்வத்தைப் பாழாக்குவது மார்க்கத்தில் வெறுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

சகோதரரிடம் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, உயிருக்கு வேண்டிய வரிகள் எவை, கண்ணுக்கு வேண்டிய வரிகள் எவை என்று பிரிக்கச் சொன்னோம். பெயிண்டும் சீட் கவரும் கழிந்தன. மீதி 34,000, புதுப்பிப்புக் கட்டணம் 5,000 சேர்த்தால் 39,000. ஐந்தாண்டுக்கு, அதாவது 60 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 650 ரூபாய். பசுமை வரி, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் ஆகியவை தனி. விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதன்று இங்கே கணக்கு. தாயாருக்குச் செய்யும் ஹக்கை இதைவிடக் குறைந்த செலவில், வட்டியின்றி நிறைவேற்ற வழி உண்டா என்பதே கணக்கு.

ஆகவே, பாதுகாப்புக்காகச் செய்யும் 34,000 இஸ்ராஃப் ஆகாது. ஒரு நாள் வேஷத்துக்காகக் கொடுக்கும் 6,000 ரூபாயே இஸ்ராஃப் ஆகும். அது எவருக்கும் எந்தப் பயனும் தராமல் பாவத்தை மட்டும் வாங்கித் தருகிறது. வட்டியைத் தவிர்க்க அவர் கொண்ட வைராக்கியம் பாராட்டுக்குரியது. எனினும் ஒரு ஹராமை விட்டு ஓடும்போது இன்னொரு ஹராமில் கால் வைத்துவிடலாகாது.

இறைச்சிக்கா, சவாரிக்கா?

இனி, விற்பது பற்றி. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் தம் பெண் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற ஸஹாபியான வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் அதைக் கவனியாதிருந்துவிட்டு, வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபின் அவரைத் துரத்திச் சென்றார்கள். வாங்கியது இறைச்சிக்கா, சவாரிக்கா என்று கூவிக் கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அப்படியானால் அதன் பாதத்தில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும், அதனால் தொடர்ந்து நடக்க இயலாது என்றும் தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பிவர, விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

விற்றது அவர்களுடைய ஒட்டகமன்று. குறையை மறைத்ததும் அவர்களல்லர். வெறுமனே பார்த்திருந்த ஒருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். நாமோ நம் சொந்த வண்டியின் ஓட்டையைத் தார் பூசி மூடுவதா? பொருளின் குறையை மறைத்து விற்பது ஹராம். மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. மெக்கானிக்கின் காகிதத்தை வாங்குபவர் கையில் கொடுத்து, அவர் ஒப்பும் விலைக்கு விற்பதே நேர்மையான வியாபாரம்.

வாஸிலா (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியையே நாமும் வண்டியைப் பார்த்துக் கேட்கலாம். சவாரிக்கு உரியதானால் முழுமையாகப் பழுது பார்க்க வேண்டும். சவாரிக்கு உதவாது என்றாகிவிட்டால் இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டும். பாதிச் சவாரிக்கு என்றொரு வகை கிடையாது. இதைத் தீர்மானிப்பது நம் ஆசையுமன்று, புரோக்கரின் பேச்சுமன்று. குறைகளை அறிவதில் அத்துறை அறிந்தவரின் சொல்லையே ஃபிக்ஹு ஏற்கிறது. எனவே அந்த வேலையில் லாபமில்லாத இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டும்படி கூறி அனுப்பினோம்.

அடுத்த வாரம் சகோதரர் மீண்டும் வந்தார். இரண்டாம் மெக்கானிக் வண்டியைத் தூக்கி, பாரம் தாங்கும் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியிருக்கிறார். அது உள்ளே போய்விட்டதாம்! இதற்கு வெல்டிங் வைத்து ஆளேற்றுவது கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். வண்டி 18,000 ரூபாய்க்கு உடைப்புக்குப் போயிற்று. வண்டி அழிந்ததைப் பதினான்கு நாட்களுக்குள் அலுவலகத்தில் தெரிவித்து, பதிவை நீக்கக் கோர வேண்டிய சட்டக் கடமையையும் நினைவூட்டினோம். இல்லையேல் நம் பெயரிலுள்ள ஆர்.சி. வேறொருவர் கையில் வேறொரு மோசடிக்குப் பயன்பட இடமுண்டு.

75,000 வரவேண்டிய இடத்தில் 18,000. சகோதரரின் முகம் வாடியிருந்ததை நாம் மறைக்கவில்லை. மிஹ்ராபில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. ஆட்டோவுக்குக் காசு எண்ணிக் கொடுத்துத் தாயாரை அழைத்துப் போவது அவரல்லவா? ஆயினும் எழுந்து செல்லுமுன் அவர் ஒன்று சொன்னார்: "உம்மா உட்காரும் சீட்டுக்கு நேர் கீழேதான், ஹஜ்ரத், அந்தச் சட்டம் இருந்தது."

எவரும் பார்க்காத இடத்தையும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வோடு நம் வாகனங்களையும் வியாபாரங்களையும் பேணிக்கொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஹலாலை நாடி இழந்தவர்களுக்கு அதனினும் சிறந்ததைப் பகரமாக வழங்குவானாக! ஆமீன்.